சீல் கிட் மாற்றியும் ஏன் ஒழுகுகிறது?

எங்கள் பக்கத்து கிரஷர்களில் ஒரு பேச்சு உண்டு: "பழைய வண்டின்னா ஒழுகத்தானுங்க செய்யும்." முதலாளியும் சொல்வார், ஆபரேட்டரும் சொல்வார், சில மெக்கானிக்குகளே சொல்வார்கள். நாமக்கல், கரூர் சுற்றுவட்டாரத்தில் குவாரி, கிரஷர், ரோடு வேலை சைட் என்று பொக்லைனும் ஜேசிபியும் நிற்கும் இடமெல்லாம் போய் ஹைட்ராலிக் வேலை, அதாவது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பாகங்களின் வேலை பார்ப்பதுதான் என் தொழில். இந்தப் பேச்சை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிந்ததில்லை. 12,000 மணி நேரம் ஓடிய பொக்லைன், மேலே தூக்கும் கையான பூமிலிருந்து அடியில் சுற்றும் செயின் வரை காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரில் 2,000 மணி நேரம்கூட ஏறாத வண்டி அடிவயிறு முழுக்க நனைந்து, அதன்மேல் ஜல்லித் தூசி அப்பிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஒழுகலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல், ஆயிலைத் தடுத்து நிறுத்தும் வளையமான சீலை மட்டும் மாற்றினால், அதே இடத்துக்கு அதே வேலையாக மறுபடி போய் நிற்க வேண்டியதுதான்.

"சொட்டுதானுங்களே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய 1 மில்லி. ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி. வண்டி 10 மணி நேரம் ஓடினால் 1.8 லிட்டர். மாதத்தில் 25 நாள் வேலை இருந்தால் 45 லிட்டர். 20 லிட்டர் பக்கெட் இரண்டைத் தாண்டி மண்ணில் போகிறது. நீங்கள் வாங்கும் ஹைட்ராலிக் ஆயில் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். ஒழுகும் இடம் ஒன்றுதான் என்று எந்த வண்டியும் உத்தரவாதம் தருவதில்லை.

ஆயில் போவதைவிட எனக்கு அதிகக் கவலை, தூசி உள்ளே வருவது. ஆயில் குறைந்ததும் தினமும் காலையில் டாப்-அப் செய்கிறார்கள். திறந்து கிடக்கும் பேரல், தரையில் உருண்ட புனல், நேற்று டீசல் பிடித்த அதே மக். குவாரியில் காற்றிலேயே கல் தூள் மிதக்கிறது. ஹைட்ராலிக் பம்பிலும் கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் என்ற உருளையிலும் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). நம் கண்ணுக்குத் தெரியும் தூசியே சுமார் 40 மைக்ரானிலிருந்துதான் தொடங்குகிறது. பம்பைத் தின்னும் தூசி நம் கண்ணுக்கே தெரியாது. சின்ன ஒழுகலில் ஆரம்பித்து பம்பு ஓவர்ஹாலில் போய் முடிந்த வண்டிகளுக்கு, பெரும்பாலும் இந்த டாப்-அப்தான் வழி போட்டுக் கொடுத்திருக்கும்.

சரி, வண்டி ஒழுகுகிறது. முதலில் என்ன செய்வது? ஸ்பானரை எடுக்காதீர்கள். ஒழுகுவது எந்த ஆயில் என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு தொட்டாலே பாதி தெரிந்துவிடும். இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். நல்ல நிலையில் உள்ள ஹைட்ராலிக் ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். ஹப்பிலும் கியர் பாக்ஸிலும் இருக்கும் கியர் ஆயில் கெட்டியாக, மூக்கில் ஏறும் கந்தக வாடையோடு இருக்கும். டீசல் என்றால் விரலில் வழுக்கல் குறைவு, வாடையே சொல்லிவிடும். இன்ஜினும் டிரான்ஸ்மிஷனும் சேரும் பெல் ஹவுசிங் அடியில் ஒழுகும் ஜேசிபியில் இதைப் பார்க்காமல் இன்ஜின் பின்பக்க சீலை மாற்றிவிட்டு, கடைசியில் ஒழுகியது டிரான்ஸ்மிஷன் ஆயில் என்று தெரிந்து மறுபடி எல்லாவற்றையும் இறக்கிய கதைகள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு.

அடுத்தது கழுவுவது. அழுக்கும் ஆயிலும் சேர்ந்து விரல் தடிமனுக்குப் படிந்த இடத்தில் லீக்கைத் தேடுவது வீண் வேலை. ஆயில் பூமியின் இழுப்புக்குக் கீழே இறங்கும், விசிறிக் காற்றில் பின்னால் பறக்கும், ஹோஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி தள்ளிப் போய்ச் சொட்டும். சொட்டும் இடத்துக்கு மேலே, இன்னும் மேலே என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காய வைத்து, சந்தேகப்படும் இடங்களில் சாக்பீஸ் பொடியோ முகப் பவுடரோ தூவி விடுவேன். அப்புறம் ஆயில் சூடாகும் வரை வண்டியை ஓட்டி, ஒவ்வொரு லீவரையும் கடைசி வரை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன். குளிர்ந்த ஆயிலில் காய்ந்து நிற்கும் ஜாயிண்ட், சூடேறி லோடு வந்ததும் வாயைத் திறக்கும். பவுடரில் முதலில் ஈரக்கோடு எங்கே வருகிறதோ அதுதான் இடம். கழுவும்போது ஒரு எச்சரிக்கை: பிரஷர் வாஷரின் நாசிலை ராடு (சிலிண்டருக்குள் போய் வரும் தண்டு) சீல் மேலும், டேங்க் காற்று வாங்கி விடும் பிரீதர் மேலும், ஒயர் கனெக்டர் மேலும் நேராகக் காட்டாதீர்கள். இல்லாத லீக்கை நாமே உண்டாக்குவோம்.

இனி சொல்லப்போவதை ஹெல்பராக வேலைக்கு வரும் தம்பிகள் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். லீக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். 20 டன் பொக்லைனில் மெயின் ரிலீஃப் பிரஷர், அதாவது ரிலீஃப் வால்வு அனுமதிக்கும் உச்ச அழுத்தம், 340, 350 பார் அளவில் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2.2 பார் சுமார். ஏறக்குறைய 150 மடங்கு. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் அதிலிருந்து வரும் ஆயில் சில சமயம் கண்ணுக்கே தெரியாது, மெல்லிய புகை மாதிரி இருக்கும். 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்கிறார்கள். துளைத்தால் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். ரத்தம்கூட பெரிதாக வராது, ஆரம்பத்தில் வலியும் குறைவு. "முள்ளு குத்தின மாதிரி இருக்குதுங்ணா" என்று துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன ஆயில் விரலின் நரம்பு, தசைநார் உறைகளின் வழியாக உள்ளங்கை வரை பரவியிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும், திசு அழுக ஆரம்பிக்கும். ஆபரேஷன் செய்து திறந்து சுத்தம் செய்தாக வேண்டும். தாமதமானால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும்.

ரோடு வேலை சைட் ஒன்றில் ஒரு பையனுக்கு இப்படி ஆனது. மருந்துக் கடையில் டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டான். மறுநாள் கை வீங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆள்காட்டி விரல் போய்விட்டது. அவனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அன்றிலிருந்து என் டூல் பாக்ஸில் ஒரு அட்டைப் பெட்டித் துண்டும் நீளமான குச்சியும் எப்போதும் இருக்கும். அட்டையைக் குச்சியில் மாட்டி ஹோஸ் ஓரமாக நகர்த்தினால், ஆயில் பட்ட இடத்தில் அட்டை நனைந்துவிடும் அல்லது அறுபடும். கண்ணாடியும் கட்டாயம் போட வேண்டும். யாருக்காவது பட்டுவிட்டால், புண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அதிக அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள் போய்விட்டது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் "கையில குத்திருச்சு" என்றால் கட்டுப் போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. என்ன ஆயில் என்று தெரிவதற்கு ஆயில் பக்கெட்டின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

அதே போல எந்த ஜாயிண்டையும் திறக்கும் முன் பிரஷரை இறக்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் பல தடவை ஆட்டி, டேங்கில் இருக்கும் காற்றழுத்தத்தையும் பிரீதர் வழியாக விட்டு, அதன் பிறகும் நட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பூமைத் தூக்கி நிறுத்திக்கொண்டு அதன் சிலிண்டர் ஹோஸைக் கழற்றுவதை யார் செய்தாலும் அந்த சைட்டில் நான் நிற்க மாட்டேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு குவாரியில் ஆர்ம் (பூமுக்கு அடுத்த கை) சிலிண்டர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏற்கெனவே வேறு ஆட்கள் சீல் கிட் மாற்றி, சில வாரத்தில் மறுபடி ஒழுகி, மறுபடி மாற்றி, மறுபடி ஒழுகி, "கிட்டு டூப்ளிகேட்டுங்க, கம்பெனி ஐட்டமே இல்லை" என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். கிட் நல்ல கிட்தான். நான் ஆர்மை முழுக்க மடக்கச் சொல்லி ராடு கடைசி வரை வெளியே வந்ததும் துணியால் துடைத்து, விரல் நகத்தை நீளவாக்கில் மெதுவாக ஓட்டிக்கொண்டே போனேன். சிலிண்டர் வாயில் சீலைப் பிடித்திருக்கும் கிளாண்டுக்கு அருகே ஒரு இடத்தில் நகம் தடுக்கியது. பக்கத்தில் எங்கோ வெல்டிங் வைத்தபோது தெறித்த பொறி ஒன்று குரோம் மேல் ஒட்டி, ஒரு கடுகில் பாதி அளவுக்கு மேடாக நின்றது. வேலையில் அந்த இடம் சீலுக்குள் ஒவ்வொரு தடவையும் போய் வருகிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் அதன் உதட்டை அந்த மேடு அறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மாதிரி மேடு மட்டும் என்றால் நைஸ் எண்ணெய்க் கல்லில் ஆயில் விட்டு, பொறுமையாக, மேட்டை மட்டும் சமன் செய்யலாம். தேய்ப்பது ராடின் சுற்றுவாக்கில் இருக்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வாய்க்கால் ஆகிவிடும். பள்ளம் விழுந்திருந்தாலோ, குரோம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தாலோ கல்லால் ஆகாது. அந்தக் குரோம் பூச்சின் தடிமனே 20, 30 மைக்ரான் அளவுதான். கீழே இருக்கும் இரும்பு தெரிந்துவிட்டால் துரு பிடித்து இன்னும் பெரிதாகும். ராடைக் கழற்றி, பழைய குரோமை எடுத்து, மறுபடி ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டு வர வேண்டும். அல்லது புது ராடு. செலவுதான். ஆனால் ஒவ்வொரு கிட்டுக்கும் வண்டி நிற்கும் நாளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் இதுவே மலிவு.

ராடு சுத்தமாக இருந்தும் சீல் சீக்கிரம் போகிறதா? அடுத்து, சிலிண்டரை மாட்டியிருக்கும் இரும்புப் பின்னையும் அது உட்காரும் புஷ் வளையத்தையும் பாருங்கள். புஷ் தேய்ந்து பின் ஆடினால் சிலிண்டர் நேராக இழுக்காது, ராடு ஒரு பக்கமாகச் சாயும். சாயும் பக்கத்தில் கிளாண்டின் கைடு ரிங் தேய்ந்து, சீல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறக்கும். ஒழுகுவது சிலிண்டர், குற்றவாளி பத்து நாளாக கிரீஸ் காணாத அந்த இரும்புப் பின். கிரீஸ் கன்னை எடுக்கச் சோம்பல்படும் சைட்டில் சிலிண்டர் ஒழுகுவது அதிகம் என்பது என் அனுபவம்.

கழற்றிய பழைய சீலை எந்த மெக்கானிக்கும் உடனே தூக்கி எறியக் கூடாது. துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், என்ன நடந்தது என்று அதிலேயே இருக்கும். ஓ-ரிங் உருண்டையாக இல்லாமல் பட்டையாக அமுங்கி, இரண்டாக மடக்கினால் படக்கென்று விரிசல் விட்டால் அது வெப்பத்தில் இறுகிப் போனது. ஓரம் எலி கடித்த மாதிரி துணுக்குத் துணுக்காகப் போயிருந்தால், அழுத்தம் அதை இடைவெளிக்குள் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. ஓ-ரிங் பிதுங்காமல் தாங்கும் பேக்கப் ரிங் போடவில்லை, அல்லது அழுத்தம் வரும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள், அல்லது ரிலீஃப் வால்வை யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள். ஊதிப் பெருத்து வழுவழுவென்று மெத்தென்று இருந்தால் ஒத்துக்கொள்ளாத திரவம் பட்டிருக்கிறது. பிரேக் ஆயில் கலந்ததா, எதில் கழுவினார்கள் என்று விசாரிக்க வேண்டும். சீல் உதட்டில் ஒரே இடத்தில் நேர்க்கோடாக வெட்டு இருந்தால் ராடில் கீறல், அல்லது மாட்டும்போதே ஸ்க்ரூ டிரைவர் பட்ட காயம். முழுச் சுற்றிலும் நுண்ணிய கோடுகள் என்றால் ஆயிலில் தூசி. இதைப் பார்க்காமல் புதுக் கிட்டைப் பிரிப்பவர் பாதி வேலையை விட்டுவிட்டார் என்றுதான் சொல்வேன்.

மாட்டுவதில் உள்ள நுணுக்கங்களைச் சொன்னால் ஒரு நாள் போதாது. முக்கியமானவை மட்டும். ராடு சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம், அதாவது சிலிண்டருக்கு உள்ளே பார்க்க வேண்டும். தூசியைத் துடைக்கும் டஸ்ட் வைப்பர் மட்டும் வெளியே பார்க்கும். திரெட்டின் மேல் சீல் போக வேண்டியிருந்தால் திரெட்டை டேப் சுற்றி மூடிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், முனை மழுங்கிய பித்தளைக் கம்பியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். பிஸ்டனில் போகும் டெஃப்லான் ரிங்கைச் சூடான ஆயிலில் போட்டு இளக்கி மாட்டி, மாட்டிய பின் அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். எல்லாம் சுத்தமான இடத்தில். ஜல்லிக் குவியல் பக்கத்தில் சாக்கு விரித்து சிலிண்டரைப் பிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முடியாத சைட்டில் சிலிண்டரை இறக்கி, போர்ட்டுகளை மூடி, வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்துவிடுவேன்.

ஓ-ரிங் விஷயத்தில் இன்னொன்று. கடையில் கிடைக்கும் ஓ-ரிங் பெட்டியில் அளவு பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். கடினமும் (அதை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள்) பொருந்த வேண்டும். சாதாரண ரிங் 70 ஷோர், அழுத்தம் அதிகமான இடங்களில் 90 ஷோர் கேட்பார்கள். ரப்பர் வகையும் முக்கியம்: நைட்ரைல் 100 டிகிரி வரை தாங்கும், டர்போ பக்கம் மாதிரி சூடான இடத்துக்கு வைட்டான் வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒரே கறுப்பாக இருக்கலாம், அதனால் பெயர் தெரியாத ரிங்கை நான் போடுவதில்லை.

நட்டு ஒழுகினால் இன்னும் இறுக்குவது நம் ஆட்களின் முதல் வைத்தியம். பைப்பை ஸ்பானரில் சொருகி, இரண்டு பேர் தொங்கி. ஒழுகல் நிற்காவிட்டால் டெஃப்லான் டேப். கூம்பு முகம் வைத்த ஃபிட்டிங்கில் சீலாவது திரெட்டில் கிடையாது. கூம்பும் கூம்பும் உட்காரும் இடத்தில்தான். முகத்தில் ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்கில் அந்த ரிங்தான் சீல். அதில் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை, பிய்ந்த டேப் துண்டு ஆயிலோடு போய் வால்வில் அடைக்கும். அதிகம் இறுக்கினால் கூம்பு விரியும், விரிசல் விடும். சிலிக்கான் பேஸ்ட்டும் அப்படித்தான். வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் விழுந்து ஸ்ட்ரெய்னர் வலையில் போய் உட்காரும்.

ஹோஸ். பெரும்பாலும் ஹோஸ் உள்ளிருந்து வெடிப்பதைவிட வெளியே தேய்ந்துதான் சாகிறது. ஒரு கிளாம்ப் போல்ட் விழுந்துவிட்டது, யாரும் போடவில்லை. ஹோஸ் ஆடி ஆடி பூம் தகட்டில் உரசி, மேல் ரப்பர் போய், கம்பி தெரிந்து, கம்பியில் துரு ஏறி, ஒருநாள் வெடிக்கிறது. பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டிய வண்டியில் அதிர்வு பல மடங்கு என்பதால் கிளாம்ப்பைத் தினமும் பார்க்க வேண்டும். புது ஹோஸ் போடும்போது மேலே அச்சடித்த எழுத்துக் கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். அது சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது, சீக்கிரம் போய்விடும். அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளம் கொஞ்சம் மாறும், அதனால் விறைப்பாக இழுத்து மாட்டாமல் சிறிது தளர்வு விட வேண்டும். நான்கு அடுக்குக் கம்பி ஹோஸ் இருந்த இடத்தில் "இதுவும் தாங்குமுங்க" என்று இரண்டு அடுக்கு ஹோஸைப் போட்டு அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. கழற்றிய ஹோஸைக் கையோடு எடுத்துப் போய் அதன் மேல் உள்ள எழுத்தைக் காட்டி வாங்குங்கள், தயாரித்த தேதியையும் பாருங்கள். ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை நெருக்கி மாட்டும் கிரிம்பிங் கடையில் வெட்டும்போது உள்ளே விழுந்த ரப்பர் தூளையும் இரும்புத் தூளையும் ஊதி, கழுவி எடுக்காமல் மாட்டக் கூடாது. திறந்த வாயைப் பிளாஸ்டிக் மூடியால் மூடுங்கள். காட்டன் வேஸ்ட்டைத் திணித்தால் அதன் நூல் உள்ளே போகும்.

இன்ஜின் பக்கம் வந்தால் எனக்கு மிகவும் வருத்தம் தருவது பின்பக்க கிராங்க் ஆயில் சீல். அதை மாற்ற பம்பை இறக்கி ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். பெரிய வேலை, பெரிய கூலி. அதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்து இன்ஜின் பிரீதரைப் பாருங்கள். கிரஷர் தூசியும் ஆயில் ஆவியும் சேர்ந்து பிரீதர் குழாய் அடைத்துவிட்டால், உள்ளே சேரும் காற்று வெளியேற வழி இல்லாமல் எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். வண்டி ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, கவிழ்த்து வாயின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். மூடி குதித்து விழுந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்தும் குதித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது சீல் மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை.

ஹைட்ராலிக் பம்பு, மேல்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டார், வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டார் மூன்றிலும் ஷாஃப்ட் சீலுக்கு இதே கதைதான். அவற்றின் உள்கசிவு ஆயில் டேங்குக்குத் திரும்பும் கேஸ் டிரெயின் லைன் மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். அது எங்காவது நசுங்கினாலோ அடைத்தாலோ ஷாஃப்ட் சீல் பிதுங்கும். வெளியே ஒழுகாத லீக்கும் இங்கேதான் இருக்கிறது: ஸ்விங் மோட்டார் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் ஸ்விங் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் லெவல் ஏறிக்கொண்டே போனால், ஊற்றாமல் எப்படி ஏறும் என்று கேட்டே ஆக வேண்டும்.

செயின் வண்டிகளின் ஹப்பிலும் ரோலரிலும் இருப்பது இரண்டு மெருகேறிய இரும்பு வளையங்கள் முகத்தோடு முகம் உரசி நிற்கும் ஃப்ளோட்டிங் சீல். ஏரி தூர்வாரும் வேலைக்குப் போய் வரும் வண்டிகளில் இது அடிக்கடி போகும். களிமண் உள்ளே அப்பி, வெயிலில் காய்ந்து கல்லாகி, வளையத்தைத் தள்ளிவிடும். கட்டுக்கம்பியும் பழைய வலையும் சுற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் செயின் பக்கம் மண்ணை வெட்டி எடுப்பதைவிடப் பெரிய மருந்து இதற்குக் கிடையாது. மாற்றும்போது மெருகு முகத்தைக் கையால் தொடக் கூடாது, அதில் ஒரு துளி சுத்தமான ஆயில் மட்டும். அதன் ரப்பர் வளையம் காய்ந்தே இருக்க வேண்டும், ஆயிலோ கிரீஸோ பட்டால் வளையம் வழுக்கிச் சுற்றும். ஹப் ஆயிலைக் குறைய விட்டு ஓட்டினால் உள்ளே உள்ள கியர் மொத்தமும் போய்விடும்.

வெப்பம் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் ஆயில் 80 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் சீல்கள் வேகமாக இறுகும். எங்கள் பக்கம் சித்திரை வெயிலில், ஆயில் கூலரின் துடுப்புகளில் தூசி அடைத்திருந்தால் அந்த அளவை எட்டுவது சுலபம். மே மாதத்தில் வண்டியின் நாலு இடத்தில் ஒரே சமயத்தில் ஒழுகினால் நாலு சீலை மாற்றும் முன் கூலரை ஊதுங்கள்.

ஓடாத வண்டியும் ஒழுகும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளை மறுபடி எடுத்தபோது எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பங்கு சிலிண்டர் ஒழுகல்தான். ராடு வெளியே நீட்டியபடி நின்று, மழையில் நனைந்து, குரோமில் புள்ளிப் புள்ளியாகத் துரு. ஸ்டார்ட் செய்து முதல் தடவை உள்ளே இழுத்ததுமே சீல் கிழிந்துவிட்டது. வண்டியை நாள்பட நிறுத்துவதாக இருந்தால் முடிந்தவரை ராடுகளை உள்ளே இழுத்து நிறுத்துங்கள், வெளியே தெரியும் பகுதியில் கிரீஸ் பூசுங்கள், அவ்வப்போது ஸ்டார்ட் செய்து எல்லா சிலிண்டரையும் ஆட்டுங்கள். திரும்ப எடுக்கும் முன் அந்தப் பழைய கிரீஸைத் துடைத்துவிட வேண்டும், அதில் தூசி ஒட்டியிருக்கும்.

முதலாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆபரேட்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வரட்டும், அதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். இரவில் நின்ற இடத்தில் மண் நனைந்திருக்கிறதா, சைட் கிளாஸில் லெவல் எங்கே, எந்த ராடில் ஈர வளையம் தெரிகிறது என்று பார்க்க அவருக்குத் தெரியும். "அண்ணா, பக்கெட் சிலிண்டர்ல லேசா ஈரம் தெரியுதுங்க" என்று அவர் சொல்லும் நாளில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் வேலை சின்னதாக முடியும். "ஓட்டுடா, ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்று பதில் வந்தால், அடுத்த தடவை அவர் சொல்லவே மாட்டார். நல்ல ஆபரேட்டரின் வாயை இப்படி அடைத்துவிடும் சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லா வண்டியும் ஒழுகும்.

ஏரியிலும் கிணற்றோரத்திலும் வேலை செய்யும் வண்டிகளுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. அந்தத் தண்ணீரைத்தான் மாடு குடிக்கிறது, வயலுக்கும் பாய்கிறது. ஒழுகும் வண்டியை ஏரிக்குள் இறக்காதீர்கள், சரி செய்துவிட்டு இறக்குங்கள். கழற்றிய பழைய ஆயிலையும் மண்ணில் ஊற்றக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். என்னை வேலைக்குக் கூப்பிடும்போதே ஒரு தட்டும் மூடி போட்ட காலி பேரலும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். பேரல் இல்லாத சைட்டில் டிரெயின் பிளக்கைக் கழற்றுவதில்லை.